தையல் பிரித்த துண்டு

பிலோமினா மஞ்சள் கால்பந்து கிளப் ஊரில் பிறந்தவள். வாக்கப்பட்டதோ சிவப்பு கிளப் ஊரில். கல்யாணமான வருஷம் இரண்டு கிளப்பும் மோதிய ஃபைனலுக்கு அவள் புருஷன் அந்தோணிப்பிச்சை, இரண்டு நிறத்தையும் ஒன்றாகத் தைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனான். இரு பக்கத்து ரசிகர்களும் காறித் துப்பினார்கள். அவன் சிரித்தான்.

இப்போது சவப்பெட்டியில் கிடந்த அவன் நெஞ்சின் மேல் அந்தத் துண்டுதான் இருந்தது. சிவப்புக் கொடி போர்த்த வந்த கிளப்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

“மைனி, இந்த ரெண்டுங்கெட்டான் துண்ட எடுத்துருங்க. நம்ம ஆளு குழிக்குப் போவும்போ சுத்தச் செவப்புதான் போர்த்தணும்.”

பிலோமினா துண்டை எடுத்துத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். மஞ்சளை மடித்து அவன் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

“இனிப் போர்த்துங்க.”

செத்தாலும் தொடமாட்டேன் என்று அவனிடம் வீம்பு பேசிய சிவப்பைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.