சாயம் பட்ட கை

அவள் மொட்டைமாடி விளிம்பில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

எதிர்க்குன்றின் சரிவில் ஏதென்ஸின் ஆண்கள் திரண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாட்டை ஆள்கிறார்களாம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. மாடி உண்டு.

மேடையில் பிராக்ஸிலாஸ். நேற்றுவரை உப்புமீன் விற்றவன். அதே தொண்டையில் இப்போது சண்டை விற்கிறான். கடல் தாண்டி ஒரு தீவாம். கோதுமை கொட்டிக் கிடக்கிறதாம். கப்பலை அனுப்பி அள்ளிக்கொண்டு வரவேண்டியதுதானாம்.

போன வருஷமும் ஒரு தீவு சொன்னான். அவளுடைய மூத்தவன் துடுப்புப் போடப் போனான்.

கப்பல்கூடத் திரும்பவில்லை.

இந்த முறை இளையவன் நிகோன்.

காலையில் புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சபையில் சண்டைக்குக் கையைத் தூக்காதீர்கள். தூங்கிக்கொண்டிருந்த மகனின் தலையில் வலதுகையை வைத்து எவாகோன் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கிளம்பியவர் நேரே குன்றுக்கா போனார்? நாவிதர் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு.

சபைக்குப் போகாமல் சந்தையில் சுற்றுகிறவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து ஓட்டிப்போவது ஊர் வழக்கம். கயிறு வந்ததும் இவர் வீரமாக வலதுகையால் தள்ளியிருக்கிறார். விரலிலிருந்து முழங்கைவரை சிவப்பு.

பக்கத்து வீட்டு மிர்த்தலே அதைப் பார்த்துவிட்டு, சொல்வதற்கென்றே மாடியேறி வந்திருந்தாள்.

"அடியே, உன் வீட்டுக்காரரு ஆட்டு மந்தையோட ஆடா போறாருடி! கையப் பாக்கணுமே, மருதாணி வெச்ச கல்யாணப் பொண்ணு தோத்துது!"

அவள் சிரிக்கவில்லை.

குன்றில் பிராக்ஸிலாஸின் குரல் உச்சத்துக்குப் போய் நின்றது. வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம்.

அங்கே யாரும் கைகளை எண்ணுவதில்லை. ஒரு பார்வை பார்த்து முடிவு சொல்லிவிடுவார்கள். தன் ஒரு கை யார் கண்ணில் படப்போகிறது என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு தைரியம்.

சரிவு முழுக்கக் கைகள் எழுந்தன.

நடுவில் ஒன்று சிவப்பு.

மிர்த்தலே சத்தமில்லாமல் படியிறங்கிப் போனாள்.

மதியம் எவாகோன் வந்தார். கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"அத்தன பேரும் தூக்கினானுங்க. நான் தூக்கல."

அவள் ரொட்டியை வைத்தாள். ஆலிவ் வைத்தாள். தண்ணீர் ஜாடியைக் கையில் எடுத்தாள்.

அவர் கழுவிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அவள் ஜாடியை அப்படியே முற்றத்து மண்ணில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை.

"இருக்கட்டும். நிகோன் பாக்கட்டும்."

வாசலில் மகனின் சீட்டி கேட்டது.

எவாகோன் வலதுகையைப் போர்த்தியிருந்த மேலாடைக்குள் இழுத்துக்கொண்டு, இடதுகையால் ரொட்டியைப் பிய்த்தார்.