சுவரொட்டிக்கு ஒரு முகம்

காலை எட்டேகாலுக்கெல்லாம் அவர் வந்துவிட்டார்.

“இவர்தான் மேடம் எங்க நடைராஜா,” என்றார் காவலாளி, தான் வைத்த பெயரைத் தானே ரசித்தபடி. “மழையோ வெயிலோ, ஒருநாள் தவற மாட்டாரு.”

நகரமைப்பு அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை அவள் போட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் நடைபாதை. வண்டி ஏற முடியாதபடி இடுப்புயரத் தடுப்புக் கம்பி. தெருக்கோடிக்குப் போகவும் கார் எடுத்த ஜனங்களை நடக்க வைத்த பாதை என்று பத்திரிகைகள் எழுதின. விருதும் வந்தது. இனி சுவரொட்டிக்கு ஒரு முகம்தான் பாக்கி.

ஐம்பதை நெருங்கும் மனிதர். அத்தனை அகலப் பாதையிலும் ஏனோ சாலைப்பக்க ஓரமாகவே நடந்தார்.

அவளும் சேர்ந்து நடந்தாள். புகைப்படக்காரர் முன்னால் ஓடி ஓடிப் படமெடுத்தார்.

“எதுக்கு சார் தினமும்? சுகரா, பிரஷரா?”

அவர் லேசாகச் சிரித்ததோடு சரி.

பள்ளி வாசலில் நின்றார். மணி அடித்து, கடைசிப் பிள்ளையும் உள்ளே ஓடிய பிறகுதான் வாய் திறந்தார்.

“நடந்தே ஸ்கூலுக்குப் போகணும்னு என் பொண்ணு ஒரே அடம். வேன் வேணாம்னுட்டா. அப்ப இங்க நடக்க ஏதும்மா எடம்? லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவுலதான். ரெண்டு வருஷம் முன்னாடி, ஜூன் மாசம்...”



புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார்.

அவர் தடுப்புக் கம்பியைத் தடவிப் பார்த்தார். “நல்லா பண்ணியிருக்கீங்க. மத்த பிள்ளைங்களாவது பயமில்லாம நடக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. இதைக் கொஞ்சம் முன்னாடியே போட்டிருக்க முடியாதா?”

அவள் பார்வையைக் கம்பிக்குத் திருப்பினாள்.

“முடிஞ்சிருக்காது சார். வரைபடமே போன வருஷம்தான் தயாராச்சு.”

நெடுநாள் சுமையை இறக்கி வைத்தவர்போல அவர் மூச்சு விட்டார். “அப்ப சரிம்மா. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல.”

வந்த வழியே திரும்பி நடந்தார்.

அவள் உடன் போகவில்லை.

வரைபடம் நான்கு வருடங்களுக்கு முன்பே தயார். தலைமை அதிகாரி ஓய்வு பெற்றுப் போகட்டும், முதல் கையெழுத்து தன்னுடையதாக இருக்கட்டும் என்று, அதை இரண்டரை வருடம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள்.