அஞ்சு மாத்திரை

மாடி வீட்டு கண்டக்டருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தாலும் வந்தது, அவர் இருமலுக்குத் தெருவே கண் விழித்தது. நமக்குத் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோன், இந்த மாதிரிக் காய்ச்சலுக்கும் கைகொடுக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறதாம். மனுஷன் அதில் பெயர் கொடுத்துவிட்டார். ராத்திரிக்கு ஒன்றாக அஞ்சு நாளைக்கு மாத்திரை. அவர் போடுகிற சட்டையைக்கூடத் தானே எடுத்துக் கொடுக்கும் சம்சாரம், மாத்திரை டப்பாவை மட்டும் விட்டுவைப்பாளா?

ஆறாம் நாள் காலையில் ஆய்வு நர்ஸ் விசாரிக்க வந்தாள்.

"அஞ்சு மாத்திரையும் முடிஞ்சுதாக்கா?"

"ஒரு வேளை தவறலையே!"

"ராத்திரியில இருமல்?"

"மூச்! ஒரு செருமல்கூட என் காதுல விழலை."

"தூக்கம்?"

"படுத்தா விடிஞ்சுதான் முழிப்பு. இடி விழுந்தாலும் தெரியாது. உங்க டாக்டர் கெட்டிக்காரர்தாம்மா!"

நர்ஸ் முகமெல்லாம் பல்லாக எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது ஸ்டார்ட் ஆகாத பழைய பஸ் மாதிரி இருமிக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார் கண்டக்டர்.

பேனா நின்றது. "என்னண்ணே இது? மாத்திரை சாப்பிட்டுமா இப்படி?"

"எனக்கு எங்கேம்மா குடுத்தா? புது மருந்து, ஏடாகூடமா ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு அஞ்சையும் இவளே முழுங்கிட்டா!"

சம்சாரம் அசரவே இல்லை.

"பின்னே? எனக்கு இருக்கறது ஒரே புருஷன். அதான் ஒண்ணும் ஆகலைன்னு பார்த்தாச்சே, இனிமே தைரியமா அவருக்குக் குடுங்க!"