வருவார் என்று எதிர்பார்க்கவில்லை

"செத்துட்டார்னே அடிச்சிடட்டுமாக்கா?" என்று கேட்டாள் பிரபாவதி, கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல்.

எதிரே பெரியநாயகி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. கணவன் காணாமல் போய் ஏழு வருடம் ஆகியும் இரண்டையும் அவள் எடுக்கவில்லை. பாவம், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று பிரபாவதி நினைத்தாள்.

நினைத்ததோடு சரி. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் டைப்பிங் கடை போட்டு இருபது வருடம் ஆகிறது. இறப்பு, வாரிசு என்று அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை அடித்து அடித்து அவள் மனசு மரத்துப் போயிருந்தது. முன்பெல்லாம் கண் கலங்கும், இப்போது எழுத்துப்பிழை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

பெரியநாயகியின் கணவர் மருதமுத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆபரேட்டர். ரிட்டயர் ஆக இரண்டே வருடம் இருக்கும்போது, செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பியவர் வேலைக்கும் போகவில்லை, குவார்ட்டர்ஸுக்கும் திரும்பவில்லை. ஏழு வருடம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது சட்டம். கோர்ட்டில் அந்த உத்தரவு வாங்கிவிட்டால், கான்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் அடியில் கரி அள்ளிக்கொண்டிருக்கும் மகன் வளவன், பணியில் இருக்கும்போதே இறந்தவரின் பிள்ளைக்குத் தரும் வாரிசு வேலையைக் கேட்கலாம். அடுத்த வருடத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது.

"செத்துட்டாருன்னு எழுதாதம்மா. சத்தியம் பண்ணிக் குடுக்குற காயிதம். வேற மாதிரி எழுது."

பிரபாவதிக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போகும் பத்திரம் இங்கிலீஷில்தான்; இங்கிலீஷ் வார்த்தை என்று வந்துவிட்டால் அவள் விட மாட்டாள்.

"ஹோப்னு போட முடியாதுக்கா. அது வந்தா நல்லாருக்கும்ங்கிற ஆசை. வெயிட்னு போட்டா, நீங்க இன்னும் காத்துக்கிட்டிருக்கீங்கன்னு ஜட்ஜ் தள்ளி வெச்சிடுவாரு."

"அப்ப?"

"எக்ஸ்பெக்ட்னு ஒண்ணு இருக்கு. கண்டிப்பா வரும்னு காரணத்தோட எதிர்பாக்கறது. ஷிப்டு பஸ்ஸ எதிர்பாக்கறோமே, அப்படி. 'அவர் திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை'ன்னு இங்கிலீஷ்ல அடிக்கிறேன். சரியா?"

பெரியநாயகி அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இதயே போடு. இதுல பொய்யி இல்ல."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"மனசுல வெச்சிக்காதீங்கக்கா. அழணும்னா அழுதுடுங்க."

"ஏழு வருசமா சோத்துக்கு ஒலை வெக்கிறப்பல்லாம் அழுதுக்கினுதான் கெடந்தேன். இப்ப ஒண்ணுமே தோணல" என்று எழுந்து போனாள்.

அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் போட மூடியைத் திறந்தபோதுதான், பெரியநாயகியின் ஆதார் அட்டை உள்ளேயே இருப்பதைப் பிரபாவதி பார்த்தாள். எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

நிழற்குடைத் தூணுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி பெரியநாயகி செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்த பிரபாவதி அப்படியே நின்றுவிட்டாள்.

"கையெழுத்து போட்டுட்டேங்க. நம்ம புள்ளைக்கு வேலை வந்துடும்" என்றாள் பெரியநாயகி, கடையில் பேசிய அதே குரலில். எதிர்முனை ஏதோ கேட்டது. அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இல்லீங்க. இனிமே நீங்க வரவே கூடாது."