கண்ணாடி போட்ட பைலட்

"டேய் இளவரசா, ஒரு தடவையாச்சும் அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு, வெறுங்கண்ணால பாத்து ஓட்டுடா!" என்று கத்தினான் மாறன்.

"போடா. பிளேன் தள்ளிப் போறப்ப சரியாத்தான் இருக்கு. திரும்பி மூஞ்சிக்கு நேரா வர்றப்ப லெஃப்ட்டு ரைட்டா மாறிப் போவுது. எனக்கு மண்டைல ஏறல. இத மாட்டிக்கிட்டா நானே உள்ள உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு இளவரசன் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அது வெயிலுக்குப் போடுகிற கண்ணாடி அல்ல. உள்ளே இரண்டு குட்டித் திரைகள். விமானத்தின் மூக்கில் இருக்கும் கேமரா காட்டுவது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் யானையே வந்து நின்றாலும் தெரியாது.

வேங்கிக்கால் ஊரைத் தாண்டி வற்றிக் கிடந்த ஏரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தக் கூத்துதான். ரிமோட் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் மாறன். முதல் மாதமே இரண்டு விமானங்களை முள்ளுச் செடியில் சொருகிவிட்டு, சென்னையிலிருந்து இந்தக் கண்ணாடியை வரவழைத்தான் இளவரசன். கண்ணாடி போட்டவனுக்குத் துணையாக, விமானத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். அதற்குத் தங்கை ஓவியாவைக் கூட்டிவந்தான்.

ஓவியா பார்த்ததென்னவோ மாறனைத்தான். மாறனும் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

விமானம் எழும்பியது.

"ஓவியா, எங்கம்மா இருக்கு?"

"மலைப் பக்கம்ணா," என்றாள், நிமிர்ந்தே பார்க்காமல். பிறகு நாலடி பின்னால் போய் மாறனிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர்லேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. அண்ணன்கிட்ட எப்பத்தான் சொல்லுவீங்க?"

"எப்படிச் சொல்றது ஓவியா? ஃபிரண்டோட தங்கச்சிய... அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அப்ப நான் வெள்ளிக்கிழமை காப்பித் தட்டத் தூக்கிட்டுப் போய் நிக்கட்டுமா?"

மாறன் தரையைப் பார்த்தான். ஓவியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா இல்லாத வீடு. அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவன் கண்ணைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் அவளுக்கு வராது.

ஆனால் இப்போது அந்தக் கண்தான் மூடியிருக்கிறதே!

விறுவிறுவென்று போய் அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா."

"ம்?"

"வெள்ளிக்கிழமை வர்றவங்கள வரவேணாம்னு சொல்லிடு. கட்டிக்கிட்டா நான் மாறனத்தான் கட்டிக்குவேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாறனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேலே மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

இளவரசன் மெல்லக் கண்ணாடியைக் கழற்றி ஓவியாவின் கையில் கொடுத்தான்.

அப்போதுதான் மாறன் நிமிர்ந்தான். விமானம் திரும்பி, நேராக அவர்கள் முகத்துக்கே வந்துகொண்டிருந்தது.

"டேய், கண்ணாடிய மாட்டுடா! நேரா வருது, உன்னால முடியாது! ரிமோட்ட இங்க குடு!" என்று பதறி ஓடிவந்தான்.

இளவரசன் கொடுக்கவில்லை. விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இரண்டு கட்டைவிரல்களை லேசாக அசைத்தான். இடப்பக்கம் சாய்ந்த விமானம் நிமிர்ந்தது, தாழ்ந்தது, வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் பூனை மாதிரி இறங்கி ஓடிவந்து மாறனின் செருப்புக்கு முன்னால் நின்றது.

மாறனுக்கு வாய் மூடவில்லை. "டேய்... இத எப்படா கத்துக்கிட்ட?"

"காலைல தனியா வந்து கத்துக்கிட்டேன். ஆச்சு மூணு மாசம்." இளவரசன் குனிந்து விமானத்தைத் தூசி தட்டி எடுத்தான். "கீழ்பென்னாத்தூர்க்காரங்களுக்கு நான் போன் பண்ணிக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ உங்க அம்மாவக் கூட்டிட்டு வா."

"அப்புறம் எதுக்குண்ணா இவ்ளோ நாளா இந்தக் கண்ணாடி?" என்றாள் ஓவியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"என் கண்ணு தெறந்திருந்தப்ப உங்க ரெண்டு பேருக்கும் வாய் தெறக்கலியேம்மா!"