பழைய கம்ப்யூட்டரில் உயிரோடு இருப்பவர்கள்

உயிரோடு இருப்பவர்களுக்கு அதற்கான சான்று தரும் அலுவலகத்தில் சர்வரை மாற்றினார்கள். மாற்றிய கையோடு பதிவேட்டில் 'இறந்தவர்' என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. சர்வர் என்ன நினைத்ததோ, உயிரோடு இருந்த பலரையும் பிடித்து அதற்குள் தள்ளிவிட்டது. அமலோற்பவத்தின் மேசையிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தக் கட்டம் கண்ணில் படவில்லை. அதிலிருந்த மென்பொருள் பன்னிரண்டு வருடப் பழசு. புது சர்வர் சொல்வதில் பாதிதான் அதற்குப் புரியும். புரிந்தவரை ஊரில் ஒருவரும் செத்ததில்லை.

பக்கத்து மேசைப் புதுக் கம்ப்யூட்டரில் செத்துப்போயிருந்த வேலப்பன் வந்து சத்தம் போட்டார். "நேத்துகூட மார்க்கெட்ல சாளை மீன் வாங்கினேம்மா!" அமலோற்பவம் பழையதில் தட்டி, உயிரோடு அச்சடித்துக் கொடுத்தார். மறுநாள் அவர் மேசை முன்னால் வரிசை தெருவரை நின்றது. யாரோ கம்ப்யூட்டருக்குப் பிச்சிப்பூ சாத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஜினியர் வந்து, பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புது மென்பொருளை ஏற்றினார். "முடிஞ்சுது மேடம். இனிமே ரெண்டும் ஒரே மாதிரி காட்டும். உங்க பேரையே தட்டிப் பாருங்க."

அமலோற்பவம் கடைசி எழுத்துவரை தட்டினார். என்டர் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது.

"இருங்க தம்பி, சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று டிபன் பாக்ஸோடு எழுந்தார். மணி பத்தேகால்.