மேலூர் மிஷின்

வீல் என்று அலாரம் அலறுகிறது. ஃபர்ஹாவின் கையிலிருந்த டீ துப்பட்டாவில் சிந்துகிறது. திரையில் மேலூர் கிளையின் பச்சை விளக்கு சிவப்பாக மினுங்குகிறது. நான்கு ஜவுளிக்கடைகளின் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாகக் கோத்து, எங்கே கூட்டமோ அந்தக் கடைக்காக எல்லாம் சேர்ந்து உழைக்கும்படி அவள் அமைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று முகூர்த்தக் கூட்டம் முழுக்க வில்லாபுரம் கிளையில். அங்கேதான் பில் பாதியில் நிற்கிறது. ஏசி உறுமியும் அவள் நெற்றி வேர்க்கிறது. கண்ணாடிக் கதவை மோதிரத்தால் தட்டுகிறார் முதலாளி ஜலீல். “என்னம்மா இது, சனம் எடுத்த சேலையைப் போட்டுட்டுப் போகுது! பழையபடி தனித்தனியாவே மாத்திருவோமா?” “அஞ்சே நிமிஷம் மொதலாளி!” பல்லைக் கடித்துக்கொண்டு மேலூர் மேனேஜர் வீரணனுக்கு போன் போடுகிறாள். “அண்ணே, அங்க கரண்ட் போயிருச்சா?” “இல்லையேம்மா, ஃபேன் நல்லாத்தானே ஓடுது.” “அப்ப மிஷின் ஏண்ணே செத்துக் கிடக்கு?” “நாந்தான் வயரப் புடுங்கி வச்சேன். நாங்க இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம், மிஷின் மட்டும் அம்புட்டுச் சூடா ஓடுது. வில்லாபுரத்தான் யாவாரத்துக்கு எங்க மிஷின் எதுக்கும்மா உழைக்கணும்?”